பள்ளிக் கதவை அடைக்காதீர். அட்டவணையைத் திறந்து காட்டுங்கள்!



"தடுப்பூசி போடாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காதே!" இந்தக் குரல் நம் நாட்டில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுகிறது. 2019 பிப்ரவரியில் நம் ஜொகூரில் இரண்டு வயதுக் குழந்தையொன்று தொண்டை அடைப்பான் நோய்க்குப் பலியானபோது அது மிக உரத்து ஒலித்தது. தடுப்பூசியைக் கட்டாயமாக்குவது பற்றி ஆராய்வதாக அன்றைய சுகாதார அமைச்சர் டாக்டர் சுல்கிப்ளி அகமட்டும் சொன்னார். பின்னர்க் கோவிட் வந்தது, பேச்சு அடங்கியது. இப்போது ஆசிரியர் அறைகளிலும் பெற்றோர் புலனக் குழுக்களிலும் அது மீண்டும் கிளம்பியிருக்கிறது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். நான் தடுப்பூசியின் பக்கம். இதில் எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும் பள்ளிக் கதவை அடைக்கச் சொல்லும் கோரிக்கை தவறானது, பயனற்றது, நம் தமிழ்ப்பிள்ளைகளுக்குத் தீங்கானது என்றே கருதுகிறேன். காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

அட்டவணை மாறியது, அடுப்படிக்குச் செய்தி வந்ததா?

தேசியத் தடுப்பூசி அட்டவணை கல்லில் செதுக்கியதன்று. 1989-இல் கல்லீரல் அழற்சி 'பி' ஊசி சேர்ந்தது. 2002-இல் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான கூட்டு ஊசி வந்தது. 2008-இல் இளம்பிள்ளை வாதத்துக்கு வாயில் விட்ட சொட்டு மருந்து போய் ஊசி வந்தது. 2010-இல் படிவம் ஒன்று மாணவியருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி தொடங்கியது. 2016-இல் தட்டம்மைக் கூட்டு ஊசியின் வயது மாறியது. 2020-இன் இறுதியில் ஆறு நோய்களுக்கு ஒரே ஊசி என்னும் முறையும், நுமோகாக்கல் ஊசியும் வந்தன.

இனி ஒரு தாயின் இடத்தில் நின்று பாருங்கள். மூத்தவள் 2015-இல் பிறந்தவள். இளையவன் 2021-இல் பிறந்தவன். இரண்டு சுகாதாரப் பதிவேடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். அக்காளுக்குப் பிறந்த ஒரு மாதத்தில் ஓர் ஊசி போட்டிருக்கிறார்கள். தம்பிக்கு அந்தக் கட்டமே இல்லை. அக்காளுக்கு ஆறாம் மாதத்தில் கல்லீரல் அழற்சி ஊசி. தம்பிக்கு அந்த மாதத்தில் வேறொரு பெயர். "ஏன் இப்படி? அன்று போட்டது பிழையா? இன்று விட்டது பிழையா?" என்று அவள் கேட்பது அறியாமையன்று. நல்ல மாணவர் கேட்கும் கேள்வி அது.

விடை எளியது. 2020-க்கு முன்பு ஐந்து நோய்களுக்கு ஓர் ஊசியும் கல்லீரல் அழற்சிக்குத் தனி ஊசியுமாகப் போட்டார்கள். இப்போது அது ஆறாவதாக உள்ளே சேர்ந்துவிட்டது. எனவே பிறந்தவுடன் போடும் ஊசிக்குப் பிறகு, 2, 3, 5, 18 மாதங்களில் போடும் அந்த ஒரே ஊசியில் அதுவும் அடங்கும். நுமோகாக்கல் ஊசி 4, 6, 15 மாதங்களில். கல்லீரல் அழற்சிக்கான தனிக் குத்துகள் குறைந்தன. காக்கப்படும் நோய்களின் எண்ணிக்கை கூடியது. இதைச் சொல்ல ஐந்து வரி போதும். அந்த ஐந்து வரி நல்ல தமிழில் ஒவ்வொரு தாயின் கைக்கும் போயிருந்தால், புரளிக்காரனுக்குப் பாதி வேலை இல்லாமற் போயிருக்கும். மாற்றத்தைச் செய்த அமைச்சு, மாற்றத்தின் காரணத்தை வீடுவரை கொண்டு சேர்க்கவில்லை. வெற்றிடத்தில்தான் வதந்தி குடியேறும்.

ஏழு வயதிலிருந்து ஒரு வயதுக்கு

இந்த மாற்றங்களில் ஆசிரியர்களாகிய நம்மை நேரே தொடுவது 2016-ஆம் ஆண்டு மாற்றம். அதற்கு முன்பு தட்டம்மைக் கூட்டு ஊசியின் முதல் தவணை 12 மாதத்தில். இரண்டாம் தவணை ஏழு வயதில், அதாவது முதலாம் ஆண்டில், பள்ளியில். 2016 முதல் முதல் தவணை 9 மாதத்திலும் இரண்டாம் தவணை 12 மாதத்திலும் போடப்படுகின்றன.

மருத்துவ முறையில் இது சரியான மாற்றமே. இரண்டாம் தவணை என்பது மங்கிய மையை மறுபடி எழுதுவது போன்றது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. முதல் ஊசி எல்லாக் குழந்தைகளிடமும் வேலை செய்வதில்லை. ஒன்பது மாதத்தில் போட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பிள்ளைகளுக்குத்தான் காப்பு உண்டாகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் சிலரிடம் மிஞ்சியிருந்து ஊசியை மழுக்கிவிடும். பன்னிரண்டு மாதத்தில் போட்டால் ஏறத்தாழ 95. விடுபட்டவர்களைப் பிடிப்பதற்கே இரண்டாம் ஊசி. பழைய முறையில் அப்படி விடுபட்ட பிள்ளை ஆறு ஆண்டுகள் வெறுங்கையோடு காத்திருந்தது. ஒரு வயதுக்கு உட்பட்ட சிசுக்களோ தட்டம்மைக்குத் திறந்த வீடாகக் கிடந்தார்கள். புதிய முறை இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைத்தது.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பழைய முறையில் பள்ளி ஒரு வலையாக இருந்தது. தாய் மறந்தாலும், வீடு மாறினாலும், பதிவேடு தொலைந்தாலும், ஏழு வயதில் பிள்ளை வகுப்பறைக்கு வந்தே தீரும். பள்ளிச் சுகாதாரக் குழுவினர் வருவார்கள், சட்டைக் கையை மடித்துவிடச் சொல்வார்கள், வேலை முடிந்தது. புதிய முறையில் பொறுப்பு முழுவதும் ஒரு வயதுக்குள் கிளினிக்கிற்குப் பிள்ளையைத் தூக்கிச் செல்லும் பெற்றோரின் தோளில் ஏறிவிட்டது. அந்த வயதில் தவறவிட்ட பிள்ளையை யார் எங்கே பிடிப்பது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல், "சேர்க்காதே, விரட்டு" என்பது எந்த நியாயம்?

மறுத்தவர் வேறு, தவறியவர் வேறு

தடுப்பூசியை மறுக்கும் பெற்றோரின் எண்ணிக்கையைச் சுகாதார அமைச்சு வெளியிட்டிருக்கிறது. 2013-இல் 637 பேர். 2016-இல் 1,603 பேர். மூன்றாண்டில் இரண்டரை மடங்கு. இது கவலைக்குரியதே, நான் அதைச் சிறிதாக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் குழந்தைகள் பிறந்தார்கள். வெளிப்படையாக மறுத்தவர்கள் ஆயிரத்தில் மூன்று பேர். இந்த எண்ணிக்கையில் வராமல் சத்தமின்றித் தவறிப் போனவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

2019-இல் கிளந்தான் குவா மூசாங்கிற்கு அருகே கோலா கோ சிற்றூரில் பாத்தேக் பழங்குடி மக்கள் பலர் அடுத்தடுத்து இறந்தார்கள். அங்கே தட்டம்மை பரவியதை அமைச்சு உறுதி செய்தது. அந்த மக்கள் ஊர்வலம் நடத்தி ஊசியை எதிர்த்தவர்களா? முகநூலில் கட்டுரை எழுதியவர்களா? காட்டுக்குள் இடம் மாறி வாழ்பவர்கள். அவர்களைத் தேடி இரண்டு தவணையும் முறையாகப் போய்ச் சேரவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் சபா, துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்கு இளம்பிள்ளை வாதம் கண்டது. 1992-க்குப் பிறகு நாட்டில் கண்ட முதல் நோயாளி அந்தக் குழந்தை. தடுப்பு மருந்து போதிய அளவு சென்றடையாத கூட்டத்தில்தான் அந்த வகைக் கிருமி உருவாகிச் சுற்றும். 2000-இல் இளம்பிள்ளை வாதம் ஒழிந்தது என்று சான்றிதழ் பெற்ற நாட்டில் இது நடந்தது.

நம் செடெனாக் வட்டாரத்துக்கு வருவோம். இங்கே நான் பார்த்தவரை, ஊசியை எதிர்த்து வாதம் செய்யும் தமிழ்ப் பெற்றோர் மிகச் சிலர். தவறவிட்டவர்களே மிகுதி. விடியுமுன் எழுந்து பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தந்தை. தொழிற்சாலையில் மாற்று நேர வேலை பார்க்கும் தாய். பிள்ளையை வைத்திருக்கும் பாட்டிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கிளினிக் திறந்திருக்கும் நேரம் அவர்கள் வேலை நேரம். ஒரு தவணை தள்ளிப்போகும், அடுத்ததும் தள்ளிப்போகும், பிறகு "ஏன் இவ்வளவு நாளாக வரவில்லை?" என்று ஏசுவார்களோ என்ற அச்சத்தில் போகவே மாட்டார்கள். எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் சூழ்ந்திருந்த ஊரில் இன்று தரவு மையங்கள் எழும்புகின்றன. நிலத்தின் விலை ஏறியது. பாட்டிக்குப் பேருந்து வந்ததா?

முந்தைய தலைமுறையை நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் நம் முன்னோருக்குக் கப்பலேறுமுன் அம்மை குத்தினார்கள். அதை யாரும் அவர்களிடம் கேட்டுச் செய்யவில்லை. அந்த அதிகாரத்தை நான் புகழவும் வரவில்லை. ஆனால் தோட்டத்தில் டிரெசர் லயத்து வாசலுக்கே வந்தார். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகள் ஒரே இடத்தில் இருந்தார்கள். 1980-இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்ததென்றால், வீட்டு வாசல்வரை நடந்த கால்களுக்கும் அதில் பங்குண்டு. தோட்டம் கலைந்தபோது டிரெசரும் போனார். அவர் இடத்துக்கு யார் வந்தார்?

"சிங்கப்பூரைப் பாருங்கள்" என்பார்க்கு

எதிர்த்தரப்பின் வலிமையான வாதம் இது. சிங்கப்பூரில் தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். 2019 பிப்ரவரி முதல், நீண்டகாலத் தங்கும் அனுமதி கோரும் வெளிநாட்டில் பிறந்த 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் சான்று காட்ட வேண்டும். அங்கே நோய்கள் கட்டுக்குள் உள்ளன. ஆகவே இங்கும் சட்டம் போடு என்கிறார்கள்.

மறுக்கவில்லை. ஆனால் சட்டம் மட்டுமா அங்கே வேலை செய்கிறது? சிறிய நிலப்பரப்பு, தேசியப் பதிவகத்தில் ஒவ்வொரு குழந்தையின் ஊசிக் கணக்கு, நடந்து போகும் தொலைவில் கிளினிக். இவையெல்லாம் இருக்கும் இடத்தில் சட்டம் என்பது கடைசி ஆணி. இவை இல்லாத இடத்தில் சட்டம் என்பது ஏழையின் தலையில் விழும் சம்மட்டி.

நம் நாட்டில் இன்னொரு முரண்பாடும் உண்டு. 2003 முதல் தொடக்கக்கல்வி இங்கே சட்டப்படி கட்டாயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரைத் தண்டிக்கலாம். 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டமோ குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசிகளைக் கட்டாயமாக்கவில்லை. கட்டாயமான ஒன்றை, கட்டாயமல்லாத ஒன்றைக் காட்டி மறுப்பது எப்படி? ஒரு கையால் "வா" என்றும் மறுகையால் "போ" என்றும் சொல்வதா?

கதவை அடைத்தால் யார் வெளியே நிற்பார்கள் என்பதையும் எண்ணுங்கள். கொள்கையாக மறுக்கும் வசதி படைத்தவர், பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் வைத்துக்கொள்வார். வெளியே நிற்பது, பிறப்புப் பத்திரச் சிக்கலில் மாட்டிய பிள்ளை, பெற்றோர் பிரிந்ததால் பாட்டி வீட்டில் வளரும் பிள்ளை, மூன்று முறை வீடு மாறிப் பதிவேட்டைத் தொலைத்த பிள்ளை. மாணவர் எண்ணிக்கை குறைந்து மூடப்படும் அச்சத்தில் இருக்கும் தமிழ்ப்பள்ளிகள், இப்பிள்ளைகளைத் தாமே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பப் போகின்றனவா? அனுப்பியபின் அந்தப் பிள்ளைக்கு ஊசி போட வேறு எந்த இடம் மிஞ்சும்? பள்ளிதானே கடைசி வலை?

புலனத்துப் புரளிகளுக்கு

தவறியவர்களுக்காக வாதாடுகிறேன் என்பதால் புரளி பரப்புவோரை விட்டுவிடுவேன் என்று யாரும் எண்ண வேண்டா.

தட்டம்மைக் கூட்டு ஊசியால் 'ஆட்டிசம்' வருமென்ற கதை 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்னும் மருத்துவர் பன்னிரண்டே பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையில் தொடங்கியது. 2010-இல் அந்தக் கட்டுரையை 'லான்செட்' இதழ் திரும்பப் பெற்றுக்கொண்டது; அவருடைய பெயர் பிரிட்டன் மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2019-இல் டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வு, அந்த ஊசியால் ஆட்டிசம் கூடவில்லை என்று கண்டது. பன்னிரண்டு பெரிதா, ஆறரை இலட்சம் பெரிதா? இரண்டாம் ஆண்டு மாணவன்கூடச் சொல்வான்.

இப்போது புதிதாக ஒன்று சுற்றுகிறது: "அமெரிக்காவே நிறுத்திவிட்டது, நமக்கு எதற்கு?" நடந்ததைச் சொல்கிறேன். 2025 ஜூனில் அமெரிக்கச் சுகாதாரச் செயலாளர் இராபர்ட் கென்னடி, அந்நாட்டுத் தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 உறுப்பினர்களையும் நீக்கிவிட்டுப் புதியவர்களை அமர்த்தினார். அவ்வாண்டு டிசம்பரில் அந்தப் புதிய குழு, தாய்க்குக் கல்லீரல் அழற்சி 'பி' இல்லையென்று சோதனையில் தெரிந்தால், பிறந்தவுடன் போடும் ஊசியைப் பெற்றோரின் முடிவுக்கு விடலாம் என்று வாக்களித்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அதை எதிர்த்தது. அங்கேயே எல்லாரும் ஒப்புக்கொள்ளாத ஒன்றை இங்கே வேதவாக்காக எடுத்துக்கொள்வதா?

அந்த ஊசியைப் பிறந்தவுடன் ஏன் போடுகிறார்கள் என்பதை அறிந்துகொள்ளுங்கள். பிறக்கும்போது அந்தக் கிருமி தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது வாழ்நாள் நோயாகத் தங்கிவிடும். பின்னாளில் கல்லீரல் சுருங்கலாம், புற்றுநோய் வரலாம். பெரியவருக்குத் தொற்றினால் அப்படித் தங்குவது இருபதில் ஒருவருக்கும் குறைவே. முதல் நாளில் போடுவதற்கு இதுவே காரணம். ஒரு நாட்டின் அட்டவணை அந்த நாட்டின் நோய் நிலவரத்தைப் பார்த்து எழுதப்படுவது. பக்கத்து வீட்டாரின் மருந்துச் சீட்டை நாம் எடுத்துக்கொள்வதில்லையே!

ஊசியில் பிழையே நேராது என்றும் நான் சொல்லவில்லை. 2018-இல் சமோவாத் தீவில் செவிலியர் இருவர் தட்டம்மை ஊசி மருந்தோடு தவறான திரவத்தைக் கலந்துவிட்டதால் இரண்டு சிசுக்கள் இறந்தன. பெற்றோர் நம்பிக்கை இழந்தனர். ஊசி போடுவோர் எண்ணிக்கை சரிந்தது. 2019-இல் தட்டம்மை நுழைந்தது. இரண்டு இலட்சம் மக்கள் உள்ள நாட்டில் 83 பேர் இறந்தனர். பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். பிழையை மறைத்தாலும் ஆபத்து. பிழையைக் கண்டு ஊசியையே கைவிட்டாலும் ஆபத்து.

அறுபது பேர் படிக்கும் பள்ளியின் கணக்கு

தட்டம்மை பரவாமல் இருக்க நூற்றுக்கு 95 பேருக்குக் காப்பு வேண்டும் என்பர். அறுபது பேர் படிக்கும் சிறிய தமிழ்ப்பள்ளியில் அதன் பொருள், காப்பில்லாத பிள்ளைகள் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதே. ஒரே குடும்பத்தின் அண்ணன், தங்கை, சிற்றப்பா மகன் ஆகிய மூவரும் விடுபட்டிருந்தால் எல்லையைத் தொட்டாயிற்று. நாட்டின் சராசரி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அது நம் பள்ளியைக் காக்காது. காப்பில்லாத கூட்டத்தில் தட்டம்மை கண்ட ஒருவர் 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். அவர்கள் வீட்டில் ஊசி வயது வராத கைக்குழந்தை இருக்கும். பெரியவர்களுக்கும் இது பொருந்தும்: தாம் இரண்டு தவணையும் போட்டோமா என்று அறியாத இளம் ஆசிரியர்களும் கருவுற எண்ணும் பெண்களும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

செய்ய வேண்டியவை

1. முதலாம் ஆண்டுப் பதிவின்போது பிறப்புப் பத்திரத்தோடு தடுப்பூசிப் பக்கத்தின் படியையும் கேட்போம். அது சேர்க்கைக்கு நிபந்தனையாக இருக்கக் கூடாது, தகவலாக இருக்கட்டும். இல்லையென்றால் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு பெயரைக் குறித்துவைப்போம்.

2. அந்தப் பெயர்ப்பட்டியலைப் பள்ளிச் சுகாதாரக் குழுவிடம் ஒப்படைப்போம். ஏழு வயதில் தொண்டை அடைப்பானுக்கும் இசிவு நோய்க்கும் ஊசி போட அவர்கள் வரத்தான் போகிறார்கள். அதே நாளில், பெற்றோர் ஒப்புதலோடு, தவறிய தட்டம்மைத் தவணையையும் போடும் ஏற்பாட்டை அமைச்சு எல்லாப் பள்ளிகளிலும் உறுதி செய்ய வேண்டும்.

3. இதே சோதனையைப் பாலர்பள்ளியிலும் செய்ய வேண்டும். ஏழு வயதுவரை காத்திருப்பது காலங்கடந்த செயல்.

4. ஒப்புதல் படிவத்தோடு ஒரு பக்கத் தமிழ் விளக்கம் இணைய வேண்டும். எந்த ஊசி, எந்த நோய்க்கு, பழைய அட்டவணையிலிருந்து என்ன மாற்றம், ஏன், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, யாருக்குப் போடக் கூடாது என்பவை அதில் இருக்கட்டும். அமைச்சு தரும்வரை நாமே எழுதித் தாதியரிடம் சரிபார்த்துக்கொள்வோம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அவருக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும்.

5. ஊசி போடாத பிள்ளையின் பெயரை வகுப்பில் உரக்கப் படிக்காதீர். குற்றம் பிள்ளையுடையதன்று. பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசுங்கள்.

"இது ஆசிரியர் வேலையா? ஏற்கெனவே தாள்வேலை கழுத்தை நெரிக்கிறது" என்று சகஆசிரியர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. முணுமுணுப்பு நியாயமானதே. ஆனால் பல் சோதனைக்கு வரிசை அமைப்பவர் யார்? உயரமும் எடையும் குறிப்பவர் யார்? ஊசி போடுவதோ மருத்துவ அறிவுரை சொல்வதோ நம் வேலையன்று. போட்டாயிற்றா என்று கேட்பது நம் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு வகுப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒரு பிள்ளை தட்டம்மையில் விழுந்தால் நாம் இழக்கும் பாடநேரத்தோடு ஒப்பிடுங்கள்.

கதவை அடைப்பது எளிது. ஒரு சுற்றறிக்கை போதும். தவறிய பிள்ளையைத் தேடிப் பிடிப்பதற்கு ஆள் வேண்டும், மொழி வேண்டும், பொறுமை வேண்டும். கட்டாயச் சட்டம் கேட்போர், இந்த மூன்றையும் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு சட்டத்தைப் பற்றிப் பேசட்டும். அதுவரை நம் பள்ளிக் கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்தே இருக்கட்டும்.

மாற்றுக் கருத்து இருப்பின் தாராளமாக எழுதுங்கள். காரணத்தோடு எழுதுங்கள், படித்து மறுமொழி தருவேன்.